தொட்டிலில் விரித்த போர்வை

அத்தியாயம் 11

"இன்னைக்கு உங்க கம்பெனியில ஓ.டி. வேலை இருக்குதாமே, மாதேசு?"

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடி வெங்கடம்மா கேட்டாள். மாதேஸ்வரி கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குது அத்தை. நான் வரலன்னு நேத்தே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். யுவஸ்ரீ கொழந்தையத் தூக்கிக்கிட்டு வர்ற நாளு. ஊட்டுல இருக்க வேணாமா?"

"என்னாத்துக்கு வீணா லீவு? போயிட்டு வா. மத்தியானம் வரைக்கும்தான? இங்க வேலைக்கு ஆளுங்க இருக்குறாங்க."

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிளம்பினாலே முணுமுணுக்கும் மாமியார் அவள். மாதேஸ்வரியின் கையில் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ரவையைக் கிளறியது.

"காலையிலேயே தொட்டில்ல போட்டுடுவாங்க. அவங்க அம்மா ஊட்டு ஜனமெல்லாம் வரும். நீ நிதானமா வா," என்றாள் வெங்கடம்மா.

குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் மாதேஸ்வரி தாங்கியிருப்பாள்.

"சரிங்க அத்தை," என்று அடுப்பைச் சிறிதாக்கினாள்.

அந்த வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. போன வருஷம் ஐப்பசி மழையில், எட்டாம் மாதத்தில், மாதேஸ்வரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. மயக்க மருந்து தெளிந்து அவள் கண் விழித்தபோது பக்கத்தில் மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தாள். புருஷன் ராமப்பன் குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு, ஈர வேட்டியோடு சாயங்காலம்தான் வந்தான். குழந்தையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்த அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதற்குச் சில மாதம் கழித்து, ராமப்பனின் தம்பி மாரிசாமிக்கும் யுவஸ்ரீக்கும் பெண் குழந்தை பிறந்தது. இன்றுதான் யுவஸ்ரீ ராயக்கோட்டையிலிருந்து, தாய் வீட்டிலிருந்து, குழந்தையோடு புருஷன் வீட்டுக்கு வருகிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பார்வை முதல் பார்வையாக அந்தக் குழந்தைமேல் விழ வேண்டாம் என்று வெங்கடம்மா நினைக்கிறாள். அதுதான் ஓ.டி.யின் அர்த்தம்.

மாதேஸ்வரி தங்கள் அறைக்குள் போனாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ராமப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டிலுக்கடியில் பூட்டு கெட்டுப்போன தகரப் பெட்டி. அதன் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கம்பெனி பஸ் சூளகிரியை நோக்கித் திரும்பும்போது எதிரே ஒரு வேன் வந்தது. முன் கண்ணாடியில் மாலை. மேலே கட்டிய மரத்தொட்டில். ஜன்னலோரம் யுவஸ்ரீயின் முகம் தெரிந்தது. மாதேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

* * *

"வரலன்னு சொன்னியல்லா அக்கா?" என்று பக்கத்து மெஷினிலிருந்து கேட்டாள் கெம்பம்மா. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து தினமும் கர்நாடக எல்லை தாண்டி வேலைக்கு வருபவள்.

"அனுப்பிட்டாங்க."

கெம்பம்மா துணிக் கட்டைப் பிரித்து, காலர் துண்டுகளை அவள் பக்கம் தள்ளினாள்.

அந்தச் சட்டைக் கம்பெனியில் மாதேஸ்வரிக்கு வேலை காலர் தைப்பது. கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது. ஒரு முழுச் சட்டையை அவள் இதுவரை தைத்ததில்லை. காலர் வரும், தைப்பாள், போகும். கோடு விலகினால் சூப்பர்வைசர் திருப்பித் தள்ளுவார். எந்த நிறம் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

அது மாறியது இந்தக் கெம்பம்மாவால். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், முதுகு வலி என்று அவள் தரையில் விரித்துப் படுத்த போர்வையை மாதேஸ்வரி பார்த்தாள். பழைய சேலைத் துண்டுகளும் சட்டைத் துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே முழுக்க ஓட்டுத் தையல் போட்ட கனத்த போர்வை. தங்கள் பக்கம் இதைக் கவுதி என்பார்கள் என்றாள்.

"இந்த டிசைன் யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"டிசைனா? அதெல்லாம் ஏனூ இல்லக்கா. கைக்கு எந்தத் துண்டு வருதோ அது."

அன்று மாலை ஓசூரில் இறங்கி, கட்பீஸ் கடையில் ஒரு பை நிறையத் துண்டுகள் வாங்கினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் அவற்றைத் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சளை வைத்தாள். எடுத்தாள். கருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான். நெஞ்சுக்குள் மாதக்கணக்காக அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று அசைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மஞ்சளை இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி வைத்தாள். அங்கேதான் அது இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அதன்பிறகு விட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கட்டியிருந்த பச்சைச் சேலையை வெட்டினாள். மெஷினில் தைக்கவில்லை, கையால்தான். கோடு கோணலாகப் போனது. கோணலாகவே போகட்டும் என்று விட்டாள். சிவப்பை வைத்துத் தைத்து, பிடிக்காமல் பிரித்து, வேறு இடத்தில் தைத்து, அங்கிருந்தும் பிரித்து, கடைசியில் சிவப்பே வேண்டாம் என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷத் தையலில் அவள் வேண்டாம் என்று சொன்ன முதல் நிறம் அது.

போன வாரம்தான் கடைசி ஓரத்தை மடித்துத் தைத்து, பெட்டியில் வைத்தாள்.

"கவுதி முடிஞ்சதா?" என்று கெம்பம்மா இப்போது கேட்டாள்.

"முடிஞ்சுது."

"யாருக்கு அது?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாம எதுக்குக்கா தைப்பாங்க?"

மாதேஸ்வரி ஒரு காலரை முடித்து நூலைக் கத்தரித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"எனக்கு அதைப் பாக்கணும்னு இருந்துச்சு கெம்பம்மா. எங்கயும் இல்ல. அதான் தைச்சேன்."

கெம்பம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டிவிட்டு மெஷினை மிதித்தாள்.

* * *

மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நிறுத்தத்தில் ராமப்பன் பைக்கோடு நின்றிருந்தான். அவளைக் கூட்டிப் போக அவன் வந்து எத்தனையோ நாளாகிறது.

"என்னாங்க? என்ன ஆச்சு?"

அவன் ஹேண்டில்பாரையே பார்த்தான்.

"அம்மா பெட்டியத் தொறந்துட்டாங்க."

அவளுக்கு உடனே விளங்கவில்லை.

"தொட்டில்ல விரிக்க மெத்துன்னு துணி தேடியிருக்காங்க. நான் தூங்கிட்டு இருந்தேன். எழுந்து வர்றதுக்குள்ள உள்ள இருந்த போர்வைய விரிச்சு கொழந்தைய அதுமேல போட்டுட்டாங்க. எல்லாரும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு..."

"அது என்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தப் பச்சைச் சேலை இருக்குது அதுல," என்றான் மெதுவாக. "ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கி வண்டியில ஏத்துனப்ப கட்டியிருந்தது."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"இன்னைக்கு ஒரு நாள் வாயைத் தொறக்காத, மாதேசு. அவுங்க ஜனமெல்லாம் போகட்டும். நானே எடுத்து உன் கையில குடுத்துடுறேன். இப்ப சொன்னா ஊடு ரெண்டாயிடும்."

அவன் சொல்வது சரிதான் என்று அவளுக்கும் தெரிந்தது. செத்த குழந்தைக்காகத் தைத்ததன்மேல் உயிருள்ள குழந்தையைக் கிடத்தியிருக்கிறார்கள். தெரிந்தால் யார்தான் பொறுப்பார்கள்?

"சரி," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் செருப்புக் குவியல். சாம்பார் வாசனை. உள்ளே நுழையத் தயங்கியவளை வெங்கடம்மாவே ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"வாடி என் தங்கமே! இவ்ளோ பெரிய மனச மூடி வச்சிருந்தியா நீ?"

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"பாருங்க, இவதான் என் பெரிய மருமவ. ஓரகத்தி கொழந்தைக்குன்னு எங்ககிட்டக்கூடச் சொல்லாம தைச்சு வச்சிருக்கா. நான் என்னென்னமோ நெனைச்சிட்டேன். அய்யோ தேவுடா, என் புத்திய என்ன சொல்ல!" வெங்கடம்மாவின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "வா, நீ வந்து தொட்டில ஆட்டு."

காலையில் தள்ளி வைத்த அதே கை இப்போது முதுகைத் தொட்டு முன்னால் தள்ளியது. இந்த ஒரு வருஷத்தில் எந்த விசேஷ வீட்டிலும் யாரும் அவளை முன்னால் கூப்பிட்டதில்லை. யுவஸ்ரீ தொட்டிலோரம் உட்கார்ந்து சிரித்தாள்.

"அக்கா, ரொம்ப நன்றிக்கா. இவ காலையில இருந்து அழுதுட்டே இருந்தா. இதுமேல போட்டதும் தூங்கிட்டா."

மாதேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

குழந்தை ஒரு கன்னத்தை அழுத்தித் தூங்கியது. கன்னத்துக்குக் கீழே அந்தக் கருப்பு. அதைச் சுற்றி சாம்பல் துண்டுகள், அவற்றின்மேல் சாய்வாக ஓடும் வெள்ளைத் தையல். அது அன்றைக்குப் பெய்த மழை. பச்சை, அவள் சேலை. மஞ்சள், என்னவென்று அவளாலும் சொல்ல முடியாது. பெட்டியின் இருட்டிலும் மடியிலும் மட்டுமே பார்த்த அதை, முழுதாக விரித்து வெளிச்சத்தில் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

தொட்டிலை ஆட்டினாள். கதவோரம் நின்றிருந்த ராமப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தாங்கிக்கொள்ளலாம், சாயங்காலம் வரைக்கும்தானே என்று நினைத்தாள்.

அப்போதுதான் யுவஸ்ரீயின் அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாம் அழகா இருக்குது. ஆனா நடுவுல இவ்ளோ பெரிய கருப்பு எதுக்கும்மா? பச்சக் கொழந்தை படுக்குற இடம்."

"ஆமால்ல," என்றாள் வெங்கடம்மா. "துண்டு கெடைக்கலன்னு வச்சிருப்பா. அதுக்கென்ன, அதை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு வேற நல்ல கலரு வச்சுக்கலாம். ஏம்மா, அந்தக் கத்தரிக்கோலக் குடு."

பூச்சரம் வெட்டிய கத்தரிக்கோல் கைமாறி வந்தது. வெங்கடம்மா தொட்டிலின் ஓரத்தைப் பிடித்து, குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் கருப்புத் துணியின் தையலை விரலால் நிமிண்டி எடுத்தாள்.

"அதைத் தொடாதீங்க அத்தை."

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். கூடம் அடங்கியது.

"என்னாம்மா?"

"அந்தக் கருப்பு அங்கதான் இருக்கணும்."

"நல்ல கலரா மாத்தலாம்னுதான சொல்றோம். இதுக்குப் போய்..."

"மாத்தக் கூடாது."

"மாதேசு..." என்றான் ராமப்பன் கதவிலிருந்து.

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குக் கொடுத்த வார்த்தை நினைவிருந்தது. கத்தரிக்கோலின் முனை ஏற்கெனவே ஒரு தையலுக்குள் நுழைந்திருந்தது. பட்டென்று நூல் அறுந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

வெங்கடம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இது இந்தப் பாப்பாவுக்குத் தைச்சது இல்ல அத்தை. என் பாப்பாவுக்கு."

யாருக்கும் உடனே புரியவில்லை. பிறகு ஒவ்வொரு முகமாக மாறியது. யுவஸ்ரீ பாய்ந்து குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்தாள். தூக்கம் கலைந்து குழந்தை வீறிட்டது.

"செத்த கொழந்தை துணியிலயா எம் பேத்தியப் போட்டீங்க?" என்று கத்தினாள் யுவஸ்ரீயின் அம்மா.

"அது யார்மேலயும் போட்ட துணி இல்லங்க. நான் தைச்சது. சும்மா..." மாதேஸ்வரிக்குத் துணியில் சொல்ல முடிந்தது வாயில் வரவில்லை.

"சும்மாவா? சும்மா யாராச்சும் இதையெல்லாம் தைப்பாங்களா? இவளுக்குப் புத்தி சரியில்லயா, இல்ல என் பொண்ணு பெத்துட்டாளேன்னு வயித்தெரிச்சலா?"

மாரிசாமி சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடி வந்தான். விஷயம் தெரிந்ததும் அண்ணனைப் பார்த்தான்.

"உனக்கும் தெரியுமாண்ணா?"

ராமப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரிஞ்சும் என் கொழந்தை அதுமேல படுத்துக் கெடக்கறதப் பாத்துட்டு நின்னியா?"



"எங்க பொண்ணையும் கொழந்தையையும் இந்த ஊட்டுல விட மாட்டோம்," என்று யுவஸ்ரீயின் அம்மா பைகளை எடுக்க ஆரம்பித்தாள். வெங்கடம்மா அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். யாரோ குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் கேட்டார்கள்.

இத்தனை கூச்சலுக்கு நடுவில் யுவஸ்ரீ தொட்டில் பக்கம் திரும்பினாள். குழந்தையை ஒரு தோளில் சாத்திக்கொண்டு, மறுகையால் தொட்டிலிலிருந்து போர்வையை உருவினாள். வீசி எறியப் போகிறாள் என்று மாதேஸ்வரி நினைத்தாள். எறியவில்லை. ஒற்றைக் கையாலேயே இரண்டாக மடித்து நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்கக்கா."

இரக்கமா, துரத்தலா, அந்தக் குரலில் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகத்தை நிமிர்த்தவே இல்லை.

வந்த வேன் தொட்டிலில்லாமல் திரும்பிப் போனது. மாரிசாமியும் அதில் ஏறிவிட்டான்.

* * *

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம் மாதேஸ்வரி போர்வையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அறுந்த இடத்தில் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுக்காமல், விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

உள்ளே வெங்கடம்மாவின் குரல் ஓயவில்லை.

"டேய் ராமப்பா, அதை வாங்கி எரிச்சுட்டு வா. எரிச்சாத்தான் அவங்க திரும்பி வருவாங்க. இல்லன்னா நான் இந்த ஊட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்."

ராமப்பன் வந்தான். கையை நீட்டினான்.

"குடு."

"எரிக்கப் போறீங்களா?"

"குடு, மாதேசு."

அவள் கொடுத்தாள். இழுத்துப் பிடிக்கவோ சண்டை போடவோ உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அவன் அதைத் துணி துவைக்கும் கல்லின்மேல் விரித்தான். மடிப்புகளைக் கையால் நீவிவிட்டான். குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தான்.

"இது என்னா, இந்த வெள்ளைக் கோடு?"

"மழை."

"ம்." அவன் விரல் பச்சையைத் தாண்டிப் போனது. ஆலை வேலையில் நகமெல்லாம் கருத்த விரல். "இந்தக் கருப்பு?"

"மயக்க மருந்து குடுத்ததுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல இல்ல. அது."

அவன் உள்ளங்கையை அந்தக் கருப்பின்மேல் வைத்தான். வைத்தபடியே நின்றான். அவன் தோள் குலுங்குவதை அவள் முதலில் நம்பவில்லை.

"முடி இப்படித்தான் இருந்துச்சு," என்றான்.

"என்னாது?"

"பாப்பாவுக்கு முடி. கன்னங்கரேல்னு. தலை நெறைய. நெத்தியில ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒதுக்கிவிட்டேன்."

மாதேஸ்வரி எழுந்து நின்றாள்.

"இன்னும் சொல்லுங்க."

"கண்ணு மூடியிருந்துச்சு. தூங்குறாப்புலதான். உன் மூக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நெனைச்சேன். அப்புறம் சொல்லாமயே பழகிடுச்சு. நீ இங்க ஒக்காந்து இதைத் தைச்சிக்கிட்டு இருந்திருக்க. எனக்கு அதுகூடத் தெரியல."

அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை. கோபம் வந்தது. முடி இருந்தது என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வருஷம் அவள் துணித்துண்டுகளுக்குள் தேடியிருக்கிறாள். அதை இவன் சட்டைப்பையில் வைத்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்திருக்கிறான்.

"எங்க வச்சீங்க அவள?"

அவன் போர்வையின் மடிப்பை மறுபடி நீவினான்.

"எங்கன்னு கேக்குறேன்."

"ஏரி மேட்டுக்கு அந்தாண்ட. ஒரு புங்க மரம் இருந்துச்சு. அதுக்குக் கீழ."

"கூட்டிப் போங்க."

"இப்ப வேணாம்."

"இப்பவே."

"அங்க இப்ப போக முடியாது மாதேசு. அந்த எடமெல்லாம்..." பாதியில் நிறுத்தினான்.

அவள் போர்வையைக் கல்லிலிருந்து எடுத்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்குப் போய் பைக் பக்கத்தில் நின்றாள். உள்ளேயிருந்து வெங்கடம்மா பார்த்தாள்.

"எரிக்கறதுக்கு இவளயும் எதுக்குடா கூட்டிட்டுப் போற?"

ராமப்பன் வண்டியைக் கிளப்பினான்.

* * *

உத்தனப்பள்ளி ரோட்டில் கொஞ்சதூரம் போய் வலதுபக்கம் திரும்பினார்கள். முன்பு மண்பாதையாக இருந்தது இப்போது லாரி போகும் தார் ரோடு. ஏரி மேடு தெரியவில்லை. ராகிக் கொல்லைகள் இருந்த இடம் முழுக்க நீளமாக ஒரு வெள்ளைச் சுவர். சுவருக்கு மேலே கம்பி வளையம். அதற்கும் மேலே நீலத் தகரக் கூரைகள், ஒன்றை ஒட்டி ஒன்று. போன பொங்கலுக்குப் பிறகு வந்த புதுக் கம்பெனி. உதிரிபாகங்கள் செய்கிறார்கள், வெளியூர்ப் பெண்களை உள்ளேயே ஹாஸ்டலில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள்.

சுவர் முடியும் வரை மாதேஸ்வரி ஒரு மரத்தைத் தேடிக்கொண்டே வந்தாள்.

கேட்டுக்கு முன்னால் ராமப்பன் வண்டியை நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை.

"ஜே.சி.பி. வந்தப்ப நான் ஷிஃப்ட்ல இருந்தேன்," என்றான் திரும்பாமல். "தெரிஞ்சு ஓடி வந்தப்ப மண்ணெல்லாம் சமமா ஆயிருந்துச்சு. எந்த எடம்னு எனக்கே தெரியல. அதான் உன்னை..."

அவளுக்கு அழுகை வரவில்லை. போர்வையை நெஞ்சோடு இறுக்கினாள். வெயில் தணிந்து, சுவர் முழுக்கச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் மாறும் நேரம் போல. உள்ளே ஒரு சைரன் ஒலித்து அடங்கியது.

வாட்ச்மேன் கூண்டிலிருந்து வெளியே வந்தார். தெற்கத்திப் பேச்சு.

"யாரைப் பாக்கணும்? வண்டியை இங்க நிறுத்தப்பிடாது, பஸ்ஸு வரும்."

"உள்ள ஒரு புங்க மரம் இருந்துச்சுங்க..." என்று ராமப்பன் ஆரம்பித்தான்.

"மரமா? உள்ள மரமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆளைப் பாக்கணும்னா சொல்லுங்க, இல்லாட்டி கிளம்புங்க."

மாதேஸ்வரி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"எங்க பொண்ணு உள்ள இருக்குறா," என்றாள்.

ராமப்பன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். வாட்ச்மேன் முகம் மாறியது. அவள் கையிலிருந்த போர்வையைப் பார்த்தார்.

"ஹாஸ்டல் பிள்ளையா? போர்வை குடுக்க வந்தியளா? இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா. பனிக்கு ரொம்பக் கஷ்டப்படுதுவ பிள்ளைய." கூண்டுக்குள் கைவிட்டு இன்டர்காமை எடுத்துக் காதில் வைத்தார். "எந்த செக்‌ஷன்னு தெரியலேன்னாலும் பரவாயில்ல. பேரை மட்டும் சொல்லுங்க, வரச் சொல்லிருவோம்."

வெள்ளைக் கேட்டின் இடுக்கு வழியாக உள்ளே ஒரு துண்டுத் தரை தெரிந்தது. சிமென்ட் பூசிய, சுத்தமாகப் பெருக்கிய தரை.

"பேரு என்னம்மா?" என்றார் வாட்ச்மேன் மறுபடி.

மாதேஸ்வரி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில். "என்ன பேரு வைக்கலாம்?"